நாலு வாரம் பொறுத்தா

எடுக்க வேண்டாம் சார், காதுல மாட்டியிருக்கிறத எடுக்க வேண்டாம். நீங்க பாருங்க, நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிடுதேன். எட்டிப் பாக்கணும்னு பாக்கல. உங்க செல்லுல ஓடுதே அந்தப் படம், அத நான் எங்க தியேட்டர்ல போட்டு ரொம்ப நாள் ஆகல. தெரிஞ்ச மொகத்தப் பாத்தா கண்ணு தன்னால போகும்லா, அப்பிடிப் போயிட்டு. வேற ஒண்ணும் இல்ல.

எடுத்துட்டீங்களா. சரி, அதுவும் நல்லதுதான். ராஜபாளையம் வரைக்கும் ரோடு மோசம், குலுங்குற குலுக்கல்ல அத வச்சுப் பாத்தா தலை சுத்தும்.

மருந்துக் கம்பெனியா? பையப் பாத்ததும் நெனச்சேன். எம் பேரு பூவலிங்கம். சங்கரன்கோவில்ல இருந்து டவுன் பஸ் பிடிச்சு உள்ள போகணும் நம்ம ஊருக்கு. ஊர்ல வந்து பூவலிங்கம் வீடு எதுன்னு கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது. கனகமணி தியேட்டர்னு கேட்டாத்தான் கைய நீட்டி வழி சொல்லுவாங்க. கனகமணி என் சம்சாரம். எங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷம் எங்க அப்பா கட்டுன தியேட்டர் அது. மருமக வந்த நேரம்னு அவ பேரையே வச்சாரு. இடத்தையும் அவ பேர்லயே எழுதுனாரு, அது ஆடிட்டர் சொன்ன யோசனை. விளக்கு வைக்கிற நேரத்துல மெயின் ரோட்டுல வந்தீங்கன்னா செவப்பு லைட்டுல அவ பேரு தூரத்துலயே தெரியும். எத்தனை பொம்பளைக்கு சார் அந்தக் குடுப்பினை இருக்கு?

அவ இப்ப மதுரையில இருக்கா, மக வீட்ல. நான் அங்கதான் போறேன். ஏன் அங்க இருக்கான்னு நீங்க கேக்க மாட்டீங்க, படிச்சவரு. ஆனா சொல்லுதேன். எல்லாம் இதனாலதான். இந்தா உங்க கையில இருக்கே, இது.

கோவிச்சுக்கிடாதீங்க. உங்களச் சொல்லல. இதுக்குள்ள படத்த அனுப்பி வைக்கானுகளே, அவனுகளச் சொல்லுதேன்.

முன்னாடியெல்லாம் ஒரு படம் டிவில வரணும்னா தீவாளி ஆகும், பொங்கல் ஆகும். அது வரைக்கும் பாக்கணும்னா எங்கிட்ட வந்துதான் ஆகணும். கொரோனாவுல பூட்டுனோம்லா, பூட்டித் தொறந்தா ஊரே வேற வாயால பேசுது. சலூனுக்குப் போறேன். முடி வெட்டுறவன் கேக்கான், "என்ன அண்ணாச்சி, புதுப்படம் போட்டிருக்கியளாமே." ஆமாடே, வந்து பாருன்னேன். "எதுக்கு அண்ணாச்சி, நாலு வாரம் பொறுத்தா செல்லுலயே வந்துரும்லா"ங்கான். கத்திரிய என் காதுகிட்ட வச்சுக்கிட்டு எங்கிட்டயே சொல்லுதான். பால்காரன் சொன்னான். அம்மன் கோயில் பூசாரி சொன்னாரு. ஹைஸ்கூல் கணக்கு வாத்தியாரு சொன்னாரு. நாலு வாரம் பொறுத்தா, நாலு வாரம் பொறுத்தான்னு, என்னமோ எல்லாரும் சேந்து நேந்துக்கிட்ட மாதிரி. மொத நாள் மொத ஷோவுக்குக் கேட்டு மேல ஏறிக் குதிச்ச பயலுக சார் இவனுக. டிக்கெட் கவுண்டர்ல சட்டையக் கிழிச்சுக்கிட்டவனுக. இவனுகளுக்கு எங்க இருந்து வந்துச்சு இந்தப் பொறுமை?

எங்க மேனேஜர் சுடலைமுத்து வந்து நிப்பான். "மொதலாளி, ஏழு பேருதான் வந்திருக்காங்க. ஓட்டவா, திருப்பி அனுப்பிரவா?" ஓட்டுலே, வந்தவனத் திருப்பி அனுப்பக் கூடாதும்பேன். ஏசி போடாத, ஃபேன் போதும்னு சொல்லுவேன். ஏழு பேருக்கு என்ன ஏசி?

நான் சும்மா கைய கட்டிக்கிட்டு இருந்தேன்னு நெனைக்காதீங்க. சவுண்ட மாத்துனேன். ஸ்கிரீன மாத்துனேன். பால்கனி சீட்டெல்லாம் மெத்து மெத்துன்னு ஆக்குனேன். படத்துல இடி இடிச்சா உங்க நெஞ்சுக்குள்ள இடிக்கும். சங்கரன்கோவில்ல கூட அந்தச் சவுண்டு கெடையாது. இவ்வளவும் செஞ்சேன். ஆனா பாத்தா, வர்றவன் பூராம் ஆம்பளையா இருக்கான். பொம்பளைங்க வரத்தே நின்னு போச்சு. அது கொரோனாவுக்கு முன்னாலயே கொஞ்சங் கொஞ்சமாக் கொறஞ்சுதான் வந்துச்சு. அப்ப நான் அத சீரியல் கணக்குல வச்சேன். இப்ப இந்தச் செல்லு கணக்குல வைக்கேன்.

கண்டக்டர் எதையோ கேக்கான் பாருங்க. உங்களுக்குத் திருமங்கலமா? நல்லது, எனக்கு அதுக்கு மேல. இன்னும் நேரம் இருக்கு.

ஒரு நாள் மத்தியானம். தலைவலி தாங்கல, மேட்னி ஓடிக்கிட்டு இருக்கும்போதே சுடலைமுத்துகிட்ட சொல்லிட்டு வீட்டுக்கு வந்தேன். வாசல்ல பாத்தா செருப்பு. கோயில் வாசல் மாதிரி கெடக்கு, பூராம் பொம்பளைங்க செருப்பு. நமக்குத் தெரியாம வீட்ல எதுவும் ஆகிப் போச்சோன்னு ஓடுனேன். கதவத் தள்ளுனா உள்ள இருட்டு. ஜன்னலுக்கெல்லாம் போர்வையத் தொங்கப் போட்டிருக்கு. எதுத்த செவுத்துல டிவி. கொரோனா சமயத்துல அம்மாவுக்குப் பொழுது போகணும்னு எங்க மக சுகந்தி வாங்கி அனுப்புன டிவி, பீரோ அகலம் இருக்கும். அதுல படம் ஓடுது. தெருப் பொம்பளைங்க பூராம் எங்க ஹால்ல இருக்காங்க. தரையில, சோபாவுல, மாடிப் படியில. நடுவுல ஒரு நாற்காலியப் போட்டு, கையில ரிமோட்ட வச்சுக்கிட்டு என் சம்சாரம்.

நான் அப்பிடியே நடுவுல நிக்கேன். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா, திரும்பிக் கூடப் பாக்கல சார், டிவியப் பாத்துக்கிட்டே சொல்லுதா, "யாரது, தள்ளி நில்லுங்க, மறைக்குது."

எங்கிட்ட. தியேட்டர் ஓனர்கிட்ட.

லைட்டப் போட்டேன். எல்லாரும் கண்ணக் கசக்கிக்கிட்டு எந்திரிச்சாங்க. வாரேன்க்கா, வாரோம் மைனின்னு ஒவ்வொருத்தியா சேலைய உதறிக்கிட்டுப் போறாங்க. ஒருத்தி மொகத்துலயும் தப்புப் பண்ணிட்டோமேங்கிற கலக்கம் கெடையாது. போற போக்குல ஒருத்தி கனகமணிகிட்ட கேக்கா, "அந்தப் புதுப்படம் எப்ப மைனி?" நான் தியேட்டர்ல போட்டிருக்கிற படத்தக் கேக்கா. இவ சொல்லுதா, "நாலு வாரம் பொறுடி, வந்துரும்."

என் வீட்ல வச்சு. என் பொண்டாட்டி வாயால.

எல்லாரும் போன பொறவு கேட்டேன். நான் சத்தம் போடுற ஆள் இல்ல, தெருவுல யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க. அன்னைக்கு ஒரு நாள் வேணும்னா கேட்டிருப்பாங்க. உனக்குன்னு ஒரு தியேட்டரே இருக்கும்போது, ஊருக்கே படம் காட்டுறவன் வீட்ல இந்தப் பொழப்பு என்னத்துக்குன்னு கேட்டேன்.

அவ போர்வைய எறக்கி மடிச்சுக்கிட்டே சொன்னா, "தியேட்டருக்கு வந்துட்டு எந்த பாத்ரூமுக்குப் போகச் சொல்லுதீங்க?"

எனக்கு வெளங்கல. என்னதுன்னேன்.

"அந்தக் கதவுல தாழ்ப்பாள் உண்டா? கொழாயில தண்ணி வருமா? பேச்சியம்மா மக மாசமா இருக்கையில படம் பாக்க வந்து, இடைவேளைல அங்க போக முடியாம பாதிப் படத்துல வீட்டுக்கு ஓடி வந்தா. அதோட அவ வரல. அவ வரலைன்னதும் கூட வர்றவங்களும் வரல."

"இத எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன். ஒவ்வொரு மொறையும் சொன்னேன். சவுண்டு மாத்தும்போது சொன்னேன். சீட்டு மாத்தும்போது சொன்னேன்."

எனக்கு ஞாபகம் இல்ல சார். இருந்தாத்தான சொல்ல முடியும். நீங்களே சொல்லுங்க, ஜனங்க என்ன பாத்ரூமப் பாக்கவா சினிமாவுக்கு வருது? நெஞ்சுக்குள்ள இடி இடிக்கிற மாதிரி செஞ்சு வச்சிருக்கேன், இவ தாழ்ப்பாளப் பத்திப் பேசுதா.

அந்த டிவிக்குப் பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி இருக்கும்லா, லைட்டு மினுக்கு மினுக்குன்னு எரியும், இன்டர்நெட் பெட்டி. அதக் கழட்டி பீரோவுல வச்சுப் பூட்டி சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன். அவ்வளவுதான் செஞ்சேன். வேற ஒருத்தனா இருந்தா டிவியவே போட்டு ஒடச்சிருப்பான். நான் பொறுமசாலி. கனகமணி அடுப்படிக்குப் போயி எனக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொண்டாந்து வச்சா, தலைவலிக்கு. அதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

மறுநாள் சாப்பிட வந்தேன். அதே நேரத்துக்கு அதே செருப்பு வாசல்ல. எனக்கு எப்பிடி இருக்கும்? அடுப்படி பக்கம் போயி உக்காந்தேன். சோறு போட்டு வச்சுட்டு இவ ஹாலுக்குப் போயிட்டா. டிவி ஓடல, பெட்டிதான் எங்கிட்ட இருக்கே. அப்ப இவளுக என்னதான் செய்யுதாளுகன்னு காத நீட்டிக் கேட்டேன்.

இவ கதை சொல்லுதா சார்.

முந்தின நாள் பாதியில நின்னு போச்சுல்லா, அந்தப் படம். இவ அத ஏற்கெனவே ஒரு காலையில தனியா இருந்து முழுசாப் பாத்திருக்கா. மிச்சக் கதையச் சொல்லுதா. சும்மா இல்ல, அந்த அம்மாக்காரி மாதிரி பேசுதா, மருமக மாதிரி பேசுதா, வக்கீல் மாதிரி பேசுதா. மழை பெய்யுதுங்கா, எனக்கு இங்க அடுப்படில குளுருது. ஒரு இடத்துல நிறுத்துனா. ஒண்ணுமே சொல்லல, அப்பிடியே நிறுத்துனா. ஹால்ல ஒரு ஈ பறந்தா கேக்கும். பொறவு மெதுவா, "அந்தக் கதவு தொறந்துதான் இருந்துச்சு, அவதான் தள்ளிப் பாக்கல"ன்னா. பேச்சியம்மா மூக்க உறிஞ்சுற சத்தம் எனக்குக் கேக்குது.

எனக்குக் கையில எடுத்த சோறு காஞ்சு போச்சு. இத்தனை வருஷத்துல இவளுக்கு இப்பிடிப் பேச வரும்னே எனக்குத் தெரியாது. அது பெருசில்ல. எங்கிட்ட ஒரு நாளாவது இப்பிடி ஒரு கதை சொல்லியிருக்காளா? கேட்டதில்லையேன்னு நீங்க சொல்லலாம். கேட்டதில்லதான். கேட்டாத்தான் சொல்லணுமா?

இந்தா பாருங்க, கிருஷ்ணன்கோவில் வந்துட்டு. எறங்கி ஒரு டீ குடிப்பமா? வேண்டாமா. சரி, எடுத்துருவான், வேண்டாம்.

அன்னைக்கு எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. இவளுக்கு இம்புட்டு ஆசை இருக்குன்னா நம்ம தியேட்டர்லயே காட்டிருவோம். ஒரு வெள்ளிக்கெழம மேட்னி, பொம்பளைங்களுக்கு மட்டும். டிக்கெட் கெடையாது. சுடலைமுத்துவ விட்டு அந்த பாத்ரூம பினாயில் ஊத்திக் கழுவச் சொன்னேன். தாழ்ப்பாள் போட ஆள் கெடைக்கல, பரவாயில்ல, ஒருத்தி வெளிய நின்னா ஒருத்தி போயிட்டு வரலாம். வாசல்ல பூ கட்டுனேன். வேன் வச்சு தெருப் பொம்பளைங்கள ஏத்தியாந்தேன். கனகமணி கார்ல எங்கூட வந்தா. பட்டுச்சேல கட்டியிருந்தா. அவ பட்டு கட்டி நான் பாத்து எவ்வளவோ நாளாச்சு. வாசல்ல எறங்கி அவ பேர ஒரு தடவ அண்ணாந்து பாத்தா. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்.

புதுப்படம். குடும்பப் படம். ஏசி போடச் சொன்னேன், நல்லாக் குளுரக் குளுர. நான் படம் பாக்கல. பின்னால செவுத்தோரம் நின்னு இவளப் பாத்தேன். மொதல்ல எல்லாரும் கூச்சமா இருந்தாங்க, பொறவு பேச்சியம்மா ஏதோ சொன்னா, ஒரு வரிசையே சிரிச்சுச்சு. அதுல இவ சிரிப்பு தனியாத் தெரிஞ்சுது. முன்னால இருக்கிற சீட்டு மேல கைய வச்சு சாஞ்சு, சின்னப் பிள்ள மாதிரி பாக்கா. அழுக வர்ற இடத்துல முந்தானைய எடுத்துக் கண்ணத் தொடச்சா. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு. இந்தச் செல்லுக்காரன் எவன் வந்தாலும் வரட்டும்டா, இவள ஜெயிச்சுட்டேன்னு நெனச்சேன்.

படம் முடியப் போகுது. கடைசிக் காட்சி. கல்யாண மண்டபம், எல்லாரும் ஓடியாராங்க, அந்தப் பிள்ள உண்மையச் சொல்லப் போவுது. என் காலு தன்னால நடந்து அவ சீட்டுக்குப் போச்சு. தோளத் தொட்டு, "கனகம், எந்திரி, கூட்டம் கலையப் போவுது"ன்னேன்.

இது பழக்கம் சார். நீங்க தப்பா எடுத்துக்கிடக் கூடாது. கல்யாணமான புதுசுல இருந்து அவ எப்ப படம் பாக்க வந்தாலும் முடியிறதுக்கு முந்தி நான் போய்க் கூட்டியாந்துருவேன். படம் விட்டா எப்பிடி வெளிய வருவானுகன்னு தெரியும்லா, இடிச்சுக்கிட்டு, ஏறி மிதிச்சுக்கிட்டு. ஓனர் பொண்டாட்டி அதுல மாட்டணுமா? ஊர்ல எவன் தோளும் அவ மேல உரசுனது கெடையாது. அம்புட்டு பத்திரமா வச்சிருந்தேன். எங்க அப்பா எங்க அம்மாவ அப்பிடித்தான் வச்சிருந்தாரு.

இவ திரும்பி என்னப் பாத்தா. ஸ்கிரீன் வெளிச்சம் அவ மொகத்துல ஒரு பக்கம் விழுது. அந்த வரிசையே என்னப் பாக்கு. பேச்சியம்மாதான் சொன்னா, மெதுவாத்தான் சொன்னா, "அண்ணாச்சி, கூட்டமே நாங்கதான?"

அப்பத்தான் நான் சுத்தி முத்திப் பாத்தேன். தியேட்டர் பூராம் காலி சீட்டு. இவங்கதான் இருக்காங்க. ஆனா எந்திரின்னு சொல்லியாச்சு. சொன்ன பொறவு எப்பிடி உக்காருன்னு சொல்ல? இவ எந்திரிச்சா. சேலையச் சரி பண்ணிக்கிட்டு என் முன்னால நடந்து வெளிய போயிட்டா. நான் பின்னால வந்தேன். உள்ள எல்லாரும் கை தட்டுற சத்தம் கேட்டுச்சு, படத்துல என்னமோ நல்லது நடந்திருக்கு.

கார்ல வரும்போது சொன்னா. கோவமெல்லாம் இல்ல, சாம்பார்ல உப்பு கொறவுங்கிற மாதிரி சொன்னா. "என் பேர் போட்ட தியேட்டர்ல ஒரு படமும் நான் முடிவு வரைக்கும் பாத்ததில்ல."

"அதுக்கென்ன, சுடலைமுத்துகிட்ட கேட்டுச் சொல்லுதேன். எப்பிடியும் ஒண்ணு சேந்துருவாங்க"ன்னேன். வேற எப்பிடி முடிப்பான், குடும்பப் படம்தான?

அவ ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.

மறுநாள் காலையில ஒரு பையோட வந்து நின்னா. சுகந்தி மகளுக்குப் பரீட்சை வருது, ஒத்தாசைக்குப் போறேன்னா. போயிட்டு வான்னேன். நானே பஸ் ஏத்தி விட்டேன், இதே பஸ்தான். பரீட்ச முடிஞ்சுது. லீவு விட்டாங்க. பள்ளிக்கூடம் தொறந்துட்டாங்க. இன்னும் வரல. சண்டையா போட்டோம்? ஒரு சண்டை கெடையாது. போன் போட்டா எடுப்பா. சாப்பிட்டீங்களாம்பா, பிரஷர் மாத்திரை போட்டீங்களாம்பா. எப்ப வருவன்னு கேட்டா, "பாப்போம்"பா.

பீரோவத் தொறந்து அந்தப் பெட்டிய எடுத்து மறுபடியும் மாட்டி வச்சேன். லைட்டு எரியுது. அதயும் போன்ல சொன்னேன். "சரி"ன்னா.

அதுக்குப் பொறவும் தியேட்டர ஓட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். உங்க செல்லுல ஓடுன படந்தான் கடைசி. ஒரு ஞாயித்துக்கெழம சுடலைமுத்து வந்து நின்னான். ஒண்ணும் கேக்கல, சும்மா நின்னான். எத்தன பேருலேன்னு கேட்டேன். தலைய ஆட்டுனான். ஒருத்தரும் இல்ல. பூட்டிருவோம்னேன். அவன் போயி லைட்ட அணைச்சான், மொதல்ல உள்ள, பொறவு வராண்டா, பொறவு அவ பேரு. எப்பவும் அந்த வரிசையிலதான் அணைப்பான். அன்னைக்கு அதப் பாக்க எனக்குச் சங்கடமா இருந்துச்சு. வேற பக்கம் பாத்துக்கிட்டேன்.

இந்த நாலு வாரம் இருக்கே, அதுதான் சார் என்னைத் தின்னது. நான் பொய் சொல்லல. பெரிய பெரிய ஊர்லயே மூடிக்கிட்டு வாராங்க. எங்க சங்கக் கூட்டத்துல எல்லாரும் இதத்தான் பேசுதோம். படம் எடுக்கிறவன் எங்களுக்கும் விக்கான், செல்லுக்காரனுக்கும் விக்கான். நாங்க எங்க போக?

ஆனா ஒண்ணு. போன வாரம் சாயங்காலம் கனகமணிக்குப் போன் போட்டேன். சுகந்திதான் எடுத்தா. அம்மா சினிமாவுக்குப் போயிருக்காங்கப்பான்னா. டிவி பாக்கத்தான் பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கான்னு நெனச்சு, "உங்க வீட்லதான் டிவி இருக்கே"ன்னேன்.

"டிவி இல்லப்பா. தியேட்டருக்கு."

"தியேட்டருக்கா?"

"ஆமாப்பா, மால்ல இருக்குல்ல. கீழ் வீட்டு ஆன்ட்டி கூட வாரா வாரம் போவாங்க. உங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லல. எங்கிட்ட யாரும் சொல்லல. சுகந்தி சிரிச்சுக்கிட்டே சொல்லுதா, படம் முடிஞ்சாலும் அம்மா எந்திரிக்க மாட்டாங்களாம். எழுத்தெல்லாம் ஓடும்லா, எடுத்தவன் பேரு, சமைச்சவன் பேரு, வண்டி ஓட்டுனவன் பேரு, அதெல்லாம் முடிஞ்சு, கூட்டுறவங்க வெளக்கமாத்தோட வந்து நிக்கிற வரைக்கும் உக்காந்திருப்பாங்களாம். "என்னம்மா அதுல பாக்கிறீங்கன்னு கேட்டா, பாக்கல, சும்மா இருக்கேன்னு சொல்லுவாங்கப்பா"ங்கா.

எனக்கு அதுதான் பிடிபடல. அவளுக்கு டிவிதான் வேணும், இந்தப் பெட்டிதான் வேணும்னுல்ல நான் நெனச்சேன். அதத்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டும் இருக்கேன். அவ தியேட்டருக்குப் போறா சார். காச குடுத்து டிக்கெட் எடுத்து, யாரோ ஒருத்தன் தியேட்டருக்கு. அங்க என்ன இருக்கு எங்கிட்ட இல்லாதது? சவுண்டா? என் சவுண்டு அங்க இருக்காது. பாத்ரூம் கண்ணாடி மாதிரி இருக்கும்னு சுகந்தி சொன்னா. ஒரு பாத்ரூமுக்காகவா ஒருத்தி வீட்ட விட்டுப் போவா? கூட்டத்துல எவனும் இடிச்சுட்டா என்ன செய்வாங்கிற கவல எனக்கு. அவளுக்கு அது இல்ல போல.

சரி, அது கெடக்கட்டும் சார்.

இப்ப எதுக்குப் போறேன்னா, இடத்த ஒருத்தர் கேக்காரு. தென்காசிக்காரரு, சூப்பர் மார்க்கெட் வைக்கப் போறாராம். இடம் அவ பேர்ல இருக்குல்லா, பேப்பர்ல அவ கையெழுத்துப் போட்டாத்தான் ஆகும். நேத்து காலையில போன்ல சொன்னேன். சட்டுன்னு சொல்லல, விவரமாச் சொன்னேன். பால்கனிய இடிச்சுருவாங்களாம்னேன். ம்னா. ஸ்கிரீன் இருக்கிற செவுத்துல வாசல் தொறப்பாங்களாம்னேன். ம்னா. மேல இருக்கிற பேரயும் எறக்கிருவாங்க கனகம்னேன்.

வேண்டாம்னு சொல்லுவான்னு நெனச்சேன். வேண்டாம்னு சொல்லட்டும்னுதான் அதச் சொன்னேன், உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு. என் பேரு அங்க இருக்கட்டும், விக்காதீங்கன்னு அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தத் தென்காசிக்காரர போய்யான்னு சொல்லியிருப்பேன். தாழ்ப்பாள் போட்டிருப்பேன். தண்ணிக்கு மோட்டார் போட்டிருப்பேன்.

அவ சொன்னது இவ்வளவுதான். "சரி. கொண்டு வாங்க."

அழல. குரல் கூட மாறல. கொண்டு வாங்க, அவ்வளவுதான்.

அதத்தான் சார் நேத்துல இருந்து நெனச்சுக்கிட்டு இருக்கேன். கொண்டு வாங்கன்னுதான் சொன்னா, வாங்கன்னு சொல்லல. பேப்பரத்தான் வரச் சொல்லுதா, என்ன வரச் சொல்லல. சுகந்திகிட்ட கேட்டா, ரெண்டும் ஒண்ணுதானப்பா, எதையாவது யோசிக்காதீங்கன்னு வச்சுட்டா. ஒண்ணா சார்? நீங்க ஊர் ஊராப் போறவரு, நாலு பேரப் பாக்கிறவரு. யோசிச்சுச் சொல்லுங்க, திருமங்கலம் வர்றதுக்கு இன்னும் நேரம் இருக்கு. கொண்டு வாங்கன்னாலும், அதுக்குள்ள ஒரு வாங்க இருக்கத்தான செய்யுது?